முதல் சீட்டு வர பதினாலு நிமிடம்

எங்கள் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரமே எனக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை மட்டும் தனியாகக் குறை சொல்வதற்கில்லை. எனக்கு யார்மேலும் சந்தேகம் வரும், எதன்மேலும் வரும். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மருத்துவமனையைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வண்டியைக் கிளப்பிப் பத்தடி போனபின் திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பேன். "ஏனுங்க, தாலி கட்டறப்பவே முடிச்ச ரெண்டு தடவ இழுத்துப் பாத்தவருதானுங்க நீங்க" என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். அவள் ஒன்றைக் குறைத்துச் சொல்கிறாள்.

நான் மருந்தாளுநர். சொந்த ஊர் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி. காலையில் பைக்கில் கொல்லிமலை ஏறி, சாயங்காலம் இறங்குவேன். மேலே ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன மருத்துவமனையில் வேலை. திங்கள், புதன், வெள்ளி மட்டும் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நர்ஸும் நானும் சமாளிப்போம். மருந்து அறையோடு சேர்த்து ஆபீஸ் பொறுப்பும் சாவிக்கொத்தும் என் தலையில். சாவி என்னிடம் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். வேறு யாரிடமாவது இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதுவரை நோயாளிகளின் விவரத்தை நீள நோட்டுகளில்தான் எழுதி வந்தோம். போன ஆடி மாதம் கீழே இருக்கிற தலைமை ஆபீஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும், அதில் ஒரு ப்ரோகிராமும் வந்தன. பேரைச் சொன்னால் போன தடவை என்ன மருந்து கொடுத்தோம், பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு எல்லாம் திரையில் வரும். அதிலிருந்து ஒரு சீட்டு அச்சாகும். சீட்டு இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று விதி போட்டார்கள்.

அதை இயக்குவதற்கு தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவருக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போய்ப் போய் வந்தே கம்ப்யூட்டர் படித்தவர். நான் அவரை அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஆறு மாதம் தற்காலிக வேலை. நாலு மாதம் முடிந்ததும் பொறுப்பாளனான நான் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவதா, வேண்டாமா என்று தலைமை ஆபீஸில் முடிவு செய்வார்கள். "இது இல்லீன்னா புள்ளைங்கள உட்டுப்போட்டு கீழதான் வேலைக்குப் போவோணுமுங்க சார்" என்று முதல் நாளே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான், இவ்வளவு சீக்கிரம் எதற்காக இதை என்னிடம் சொல்கிறார் என்று யோசித்தேன்.

பிரச்சினை இதுதான். காலையில் பட்டனை அழுத்தினால் முதல் சீட்டு வெளியே வர பதினாலு நிமிடம் ஆனது. பதினாலு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கீழே இருப்பவர்கள் கேட்கலாம். அரியூர் நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக பதினோரு மணி பஸ் ஒன்று. அதை விட்டால் மூன்று மணிக்குத்தான். காலையில் விட்ட பதினாலு நிமிடம் கடைசியில் நிற்கிற நாலைந்து பேரின் தலையில் விடியும். கைக்குழந்தையோடு, வெறும் வயிற்றோடு மூன்று மணி வரை மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் என்னைத்தான் முறைப்பார்.

ப்ரோகிராம் திறக்கும்போது நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வரும். கடந்த முறை சரியாக மூடப்படவில்லை, கோப்புகள் சரிபார்க்கப்படுகின்றன என்று அதற்கு அர்த்தம். கீழே ஒரு பச்சைக் கோடு நகரும், நிற்கும், மறுபடி நகரும். அந்தப் பதினாலு நிமிடத்தில் பெரும்பகுதியை அந்தக் கோடுதான் தின்றது. இரண்டாவது நாளே நான் அந்த வரியைப் படித்துவிட்டேன்.

"அம்மிணி, நேத்துச் சரியா மூடலையாட்டம் இருக்குதே?"

"மூடினனுங்க சார். ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுத்த மாதிரியேதான் மூடிட்டுப் போனனுங்க."

"அப்பறம் எதுக்கு இது மூடலைங்குது?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

"மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்றேன். நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. பஸ் கண்டக்டர், மவுஸின் வலது பக்கம் தட்டி ரிஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருந்தால் மிஷின் மூச்சு வாங்கித் தெளியும் என்றார். மருந்து கம்பெனிப் பிரதிநிதி, முகப்பில் படமும் சின்னங்களும் அதிகமிருந்தால் பாரம் தாங்காது என்றார். நர்ஸ் தன் பங்குக்கு, செல்போனை அதில் சார்ஜ் போட்டால் போன் அதன் சத்தை உறிஞ்சிவிடும் என்றார். கடைசியில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் மெக்கானிக்கையே வரவழைத்தேன். அவர் வந்து டெம்ப் என்று ஒரு ஃபோல்டர், ப்ரீஃபெட்ச் என்று ஒரு ஃபோல்டர், இரண்டிலும் இருந்ததை மொத்தமாக அழித்தார். இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸ் போட்டார். ஸ்பீடு பூஸ்டர் என்று ஒன்றையும் போட்டார். அதில் ஒரு ராக்கெட் படம் புகை விட்டது. எல்லாவற்றையும் தினமும் காலையில் முறையாகச் செய்யவேண்டும் என்றார். இவரே எதையாவது மெதுவாக்கிவிட்டுப் போய், மறுபடி கூப்பிட வைப்பாரோ என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அவர் சொன்னதை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அம்மிணி தினமும் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ரிஃப்ரெஷ் இருபது தடவை. இரண்டு ஃபோல்டரை அழிப்பது. ராக்கெட்டை ஓட்டுவது. அதற்கே நாலு நிமிடம் பிடித்தது. ஆக, பதினாலு இப்போது பதினெட்டு. மருந்து கேட்பதற்கு முன்னால் நோயைக் கொஞ்சம் கிளறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காய்ச்சலுக்கு ஒரே நாளில் மாத்திரை, கஷாயம், மந்திரிப்பு மூன்றையும் முடித்துவிட்டு வருகிறவர்களை, "எது கேட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கவுன்ட்டரில் நின்று வருஷக்கணக்காகத் திட்டுகிற ஆள் நான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

திரை முகப்பில் அம்மிணி தன் பிள்ளைகளின் படத்தை வைத்திருந்தார். இரண்டு பேரும் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, ஒரு பலா மரத்தடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன். "இதுனாலயுங்களா சார்?" என்று கேட்டார். "எதுனாலன்னு தெரியற வரைக்கும் எல்லாத்தையும் எடுக்கணும்" என்றேன். எடுத்துவிட்டார். அதன்பிறகு திரை வெறும் கறுப்பாக இருந்தது. வேகம் ஒரு நொடிகூடக் கூடவில்லை. எடுக்கச் சொன்னதற்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் அதைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் அம்மிணி ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு என் கவுன்ட்டருக்கு வந்தார்.

"சார், இந்தத் தாள்ல இருக்கறத எல்லாம் ஒண்ணா செய்யறதுக்குப் பதிலா, ஒண்ணொண்ணா நிறுத்திப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"எங்க ஊட்டுல மொளகுக் கொடிக்குப் புதுசா எரு போட்டா, மொதல்ல ஒரே ஒரு கொடிக்குத்தானுங்க போடுவோம். அந்தக் கொடி ஏறின மரத்துல மட்டும் ஒரு துணியக் கட்டி வெச்சுருவோம். காய் புடிக்கறப்ப அதையும் பக்கத்துக் கொடியையும் பாப்போமுங்க. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போட்டா எது கேட்டுச்சுன்னு எப்படீங்க தெரியும்?"

கவுன்ட்டரில் நான் கேட்கிற அதே கேள்வி. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். அவர் எழுதட்டும், நாளைக்கு அவருக்கு எதிராகவே அந்த நோட்டு உதவும் என்பதுதான் என் கணக்கு. இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்று வாரம் அவர் அதைச் செய்தார். பட்டனை அழுத்தும்போது செல்போனில் கடிகாரத்தை ஓடவிடுவார்; சீட்டு வெளியே வந்ததும் நிறுத்துவார்; நோட்டில் எழுதுவார். ஒரே வைத்தியத்தை இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பார்ப்பார். பிறகு அதைச் சேர்த்துவிட்டு வேறொன்றை நிறுத்துவார். சந்தேகம் வருகிற இடங்களை ப்ரோகிராம் செய்த கம்பெனிக்குப் போன் போட்டும் கேட்டுக்கொண்டார். ரிஃப்ரெஷ் என்பது திரையில் இருக்கிற சின்னங்களைத் திரும்ப வரைவது மட்டும்தானாம். மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. செல்போன் சார்ஜால் ஒரு நொடி வித்தியாசம் கிடையாது. ராக்கெட்டை ஓட்டுகிற நாளில் ஒன்றரை நிமிடம் கூடுதலாகிறது, ஏனென்றால் ராக்கெட் ஓடுவதற்கே நேரம் வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸும் ஒன்றையொன்று நோட்டம் விட்டுக்கொண்டு நிற்கின்றன. அதில் மட்டும் எனக்கு அவற்றின்மேல் ஓர் அனுதாபம் வந்தது.

"இந்த ப்ரீஃபெட்ச்சு ஃபோல்டரத்தானுங்க சார் நாம தொடவே கூடாதாமா" என்றார் அம்மிணி. "எந்த ப்ரோகிராமுக்கு எதெது மொதல்ல வேணும்னு மிஷினு தனக்குத்தானே அதுல குறிச்சு வெச்சுக்குமாமுங்க. உப்பு எங்க, புளி எங்கன்னு கைக்குத் தெரியறாப்பல வெச்சிருக்கற சமையக்கட்ட, தெனமும் காலைல நாமளே கலைச்சுட்டு இருக்கறோமுங்க."

சுவரில் ஒட்டிய தாளை நானே கிழித்தேன். பதினெட்டு நிமிடம் திரும்ப பதின்மூன்று, பதினாலுக்கு வந்தது. அதாவது மெக்கானிக் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தோமோ அங்கேயே. நீலத் திரையும் பச்சைக் கோடும் அப்படியே இருந்தன.

அப்புறம் அம்மிணி நோட்டில் மூன்று வரிகளைக் காட்டினார். மூன்றின் பக்கத்திலும் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

"இந்த மூணு நாள் மட்டும் ரெண்டே நிமிசத்துல தொறந்துருக்குதுங்க சார். அந்த நீலத் திரையே வரலீங்க."

"என்ன விசேஷம் அந்த மூணு நாள்ல?"

அவர் நோட்டின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "நீங்க லீவு போட்டதுக்கு மறுநாளுங்க" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் சொன்னது ஒரு தகவல். என் காதில் விழுந்தது ஒரு குற்றச்சாட்டு. என்னைப் பீடை என்கிறாரா? கொஞ்ச நேரத்திலேயே என் புத்தி அதற்கு ஒரு விளக்கத்தைத் தயாரித்துவிட்டது. நான் லீவு போட்டால் நர்ஸ்தான் பொறுப்பு. மருத்துவமனைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறவர், கறாரானவர். கடைசி நிமிடம் வரை யாரையும் விடமாட்டார். ஆக, நர்ஸ் இருக்கிற நாளில் இந்த அம்மிணி பயந்துகொண்டு ஒழுங்காக மூடுகிறார். நான் இருக்கிற நாளில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அரைகுறையாக விட்டுவிட்டு ஓடுகிறார். நோட்டு, நீலத் திரை, லீவு நாள், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. எல்லாம் பொருந்துவதைப் பார்த்தால் மற்ற நேரங்களில் சந்தேகப்படுகிற நான், அன்றைக்குச் சந்தேகப்படவில்லை.

"நீங்க தெனமும் சரியா மூடறதில்ல. அதத்தான் இந்த நோட்டுச் சொல்லுது" என்றேன். எப்போதும் நீ, வா, போ என்று பேசுகிறவன் 'நீங்க' என்று சொன்னதே அவருக்குப் புரிந்திருக்கும்.

அவர் அன்றைக்கு மறுக்கவில்லை. "இனிமேட்டு இன்னும் நல்லாப் பாத்து மூடறனுங்க சார்" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. நோயாளிகளிடம் அன்பாக நடந்துகொள்கிறார், வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார் என்று நல்லது இரண்டு எழுதினேன். பிறகு, பணி முடிந்து செல்லும்போது கணினியைச் சரியாக மூடுவதில்லை, பலமுறை சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை, நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டி, புதன்கிழமை டாக்டரின் காரில் கொடுத்தனுப்பினேன். உறை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

அனுப்பிய பிறகு தலைமை ஆபீஸ்மேல் சந்தேகம் வந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டால்? அதனால் அம்மிணியைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்து அறையில் கணக்கு பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு, பதிவு அறை ஜன்னல் திரையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, வராந்தாப் பக்கம் போய் நின்றேன்.

அவருடைய பஸ் நாலு நாற்பதுக்கு. நாலு இருபதுக்கே மூட ஆரம்பித்துவிட்டார். திரையில் திறந்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். ப்ரோகிராமை மூடினார். அது அன்றைய பதிவுகளை இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் மூடும்; மூடியதும் கம்ப்யூட்டர் தானாக அணையும், அதுவரை பக்கத்தில் ஆள் இருக்கத் தேவையில்லை. அதற்கான கட்டம் திரையில் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. எழுந்தார். பையை எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குனிந்து, திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஓடினார்.

இதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி, கிளம்பலாம் என்று வழக்கம்போல மருந்து அறை, ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் பூட்டினேன். பிறகு வழக்கம்போல வராந்தாச் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சில் கை வைத்தேன்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து எங்கள் வரவேற்பறை டிவியும் இரண்டு விளக்கும் கருகிப்போயின. மலையில் இடி இடித்தால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் ஒயரைப் பிடுங்குவார்கள், அப்புறம்தான் பிள்ளைகளைத் தேடுவார்கள். அன்றிலிருந்து மெயினை இறக்காமல் நான் மருத்துவமனையை விட்டுப் போனதில்லை. மருந்து ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன், மற்றதெல்லாம் கட். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அம்மிணி பஸ் ஏறிய அடுத்த நிமிடம் மெயின் கீழே. காலையில் அவர் வருவதற்கு முன்னால் நானே ஏற்றிவிடுவேன். நான் லீவு போட்டால் நர்ஸ் அதைத் தொடமாட்டார். ஷாக்கடிக்கும் என்று அவருக்குப் பயம். கம்ப்யூட்டரோடு யூபிஎஸ் வரவில்லை, அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். தனித்தனியாகத் தெரியும்.

கை மெயினில் இருந்தது. ஒதுக்கிவிட்ட ஜன்னல் திரை வழியாக உள்ளே வெளிச்சம் தெரிந்தது. கம்ப்யூட்டர் இன்னும் மூடிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது.

கையை எடுத்தேன். அங்கேயே நின்றேன். ஏழு நிமிடம் ஆனது. திரை தானாக அணைந்த பிறகுதான் மெயினை இறக்கினேன். மலை இறங்கும்போது ஒரு வளைவுகூட நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, வேலை போகப்போகிற ஒருவரைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் இந்நேரம் யாருடைய மேசையில் கிடக்கிறதோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் ப்ரோகிராம் இரண்டு நிமிடத்துக்குள் திறந்தது. நீலத் திரை வரவில்லை. அம்மிணி நோட்டில் எழுதினார், நட்சத்திரம் போட்டார், பிறகு நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேற்று நான் லீவு இல்லையே என்ற குழப்பம் முகத்தில் இருந்தது. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் என் புத்தி என்மேல் விழுந்த பழியையும் சந்தேகப்பட்டது. தற்செயலாக இருந்தால்? சனிக்கிழமை சாயங்காலம், அவர் பஸ் ஏறிய உடனே வேண்டுமென்றே மெயினை இறக்கினேன். திங்கள்கிழமை பதின்மூன்று நிமிடம். அன்றைக்கு மூன்று பேர் பதினோரு மணி பஸ்ஸைத் தவறவிட்டார்கள், தெரிந்தே செய்தேன். நீலத் திரை வந்ததும், நான் ஒன்றும் கேட்காமலேயே அம்மிணி என் பக்கம் திரும்பி, "சனிக்கெழம சரியாத்தானுங்க மூடுனாப்பல இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னார். மூடினேன் என்று அவர் சொல்லவில்லை. மூடினாப்பல இருந்துச்சு என்றார். அதற்குமேல் எனக்கு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை.

தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டேன். "உங்க ரிப்போர்ட் வந்துருச்சுங்க, வேற ஆளு பாக்கச் சொல்லியாச்சு" என்றார்கள். மாற்ற வேண்டுமானால் காரணத்தோடு எழுத்தில் வேண்டும், இன்றைக்கே மெயிலில் வேண்டும் என்றார்கள். எனக்கு மெயில் அனுப்பத் தெரியாது. அம்மிணிதான் அடித்து அனுப்ப வேண்டும்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கணினி தாமதமானதற்கு மின்சாரக் கோளாறே காரணம் என்று தெரியவந்துள்ளது, ஆகவே என் முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இதுதான் நான் எழுதியது. பொய்யில்லை. மின்சாரம்தான். அவர் அடித்துக்கொண்டே வந்து நிறுத்தினார். தன்னைப் பற்றி நான் அனுப்பிய அறிக்கை என்ன சொல்லியிருக்கும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"கரண்டுல என்ன கோளாறுங்க சார்? சரி பண்ணீட்டாங்களா? இல்லீன்னா மறுபடியும் இப்படித்தான ஆகும்?"

அவருக்குத் தேவைப்பட்டது காரணம். நாலு மாதமாக, கடைசியில் நோட்டுப் போட்டும் தேடிய காரணம். அதை நான் ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

"கரண்டு இல்ல அம்மிணி. நான்தான்" என்றேன். மெயின் சுவிட்சைப் பற்றி முழுக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒளிந்து பார்த்ததையும், சனிக்கிழமை வேண்டுமென்றே இறக்கியதையும் சொன்னேன்.

அவர் கை கீபோர்டிலிருந்து மடிக்குப் போனது.

"அப்ப நான் மூடினது சரிதானுங்களா சார்?"

"சரிதான்."

"தெனமுமுங்களா?"

"தெனமும்."

அவர் திரும்பி, நான் எழுதிக் கொடுத்ததை முழுவதுமாக அழித்தார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். கணினி முழுதாக மூடுவதற்கு முன் மின் இணைப்பைத் தினமும் துண்டித்தது பொறுப்பாளராகிய நானே, பதிவாளர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று அடித்தார். 'எந்தத் தவறும்' என்பதில் ஒரு எழுத்துப் பிழை வந்தது. திருத்தி, படித்துப் பார்த்து, அனுப்பினார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. வேலை நிரந்தரம். அம்மிணி அதை அச்செடுத்து என்னிடம் காட்டிவிட்டு, சாமி படத்துக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்து எடுத்துக்கொண்டார். சாயங்காலம் எல்லாவற்றையும் மூட ஆரம்பித்தபின், திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், அந்த லெட்டரு ஒரு காப்பி எடுத்துக்கட்டுங்களா?"

"ஆர்டர் உனக்கு வந்ததுதானம்மா. அதுக்கு எதுக்கு என்னையக் கேக்கறே?"

"ஆர்டரு இல்லீங்க. நீங்க சொல்லி நான் அடிச்சனே, அது."

"அது எதுக்கு?"

"எங்க ஊட்டுக்காரருகிட்டக் காட்டறதுக்குங்க. இங்க நடந்தத எல்லாம் அவருகிட்டச் சொல்லிட்டுதானுங்க இருந்தேன். அடுப்ப அணைச்சயா, ஆட்டுப்பட்டிக்குப் படல் சாத்துனயான்னு இப்பெல்லாம் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ கேக்கறாருங்க."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அச்சு எந்திரம் ஓடியது. அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"அவரு கேக்கறதுகூடப் பரவால்லீங்க சார்" என்றார். "சாத்தினேன்னு சொல்லிப்போட்டு, நானும் எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டுத்தானுங்க வாரேன்."